கையை எப்போது எடுப்பது?

தெரபி சென்டர் வாசலில் காத்திருக்கும் பெற்றோரின் பேச்சு எங்கெங்கோ சுற்றினாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். "உங்க பையன் தானா சாப்பிடறானா? எப்போலேர்ந்து?" "பாத்ரூமுக்குத் தனியா போறாளா? எந்த வயசுல விட்டீங்க?" கேட்பவருக்கு வேண்டியது ஒரு வயது. ஏழு என்று சொன்னால், நம் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். ஐந்து என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

என் மகனுக்குப் பதிமூன்று வயது. வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பேச்சு உண்டு, ஆனால் குறைவு. தண்ணீர் வேண்டுமென்றால் "தண்ணி வேணுமா?" என்பான். நாம் அவனிடம் கேட்பதை அப்படியே நம்மிடம் திருப்பிச் சொல்வான். பழகியவர்களுக்கு அது தெளிவாகப் புரியும். அவனை எதில், எப்போது தனியாக விடுவது என்று நானும் அவன் அப்பாவும் பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். அதில் வயசுக்கு இடமே இல்லை.

ரிப்போர்ட்டில் போடும் லெவலுக்கும் இல்லை. லெவல் 1, 2, 3 என்ற பேச்சு டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மருத்துவக் கையேட்டிலிருந்து வந்தது. 2013-ல் வெளியானது. எவ்வளவு துணை தேவை என்பதைத்தான் அந்த லெவல் சொல்கிறது. அதிலும் பிறரோடு பேசிப் பழகுவதற்கு ஒரு லெவல், திரும்பத் திரும்பச் செய்கிற பழக்கங்களுக்கும் மாறாத ஒழுங்குகளுக்கும் தனியாக இன்னொரு லெவல் என்று பிரித்துத்தான் போடச் சொல்கிறார்கள். நம் கைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே எண்ணாக வந்துவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு "லெவல் 2-ன்னா தனியா குளிப்பானா?" என்று யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்காது. தம்பிக்குக் கல்யாண மண்டபத்தில் பத்து நிமிஷம் நிற்க ஒரு ஆள் பக்கத்திலேயே வேண்டும். அதே தம்பி, செல்போன் சார்ஜர் வீட்டில் எங்கே கிடந்தாலும் தேடி எடுத்து, மாட்டி, சுவிட்ச் போட்டு, சார்ஜ் ஏறுகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் நகர்வான்.

நான் பார்ப்பது, பிள்ளை நம் கையைத் தள்ளிவிடும் இடத்தை. தலையில் தண்ணீர் ஊற்றப் போகும்போது மக்கைப் பிடுங்குவான். சட்டைப் பட்டனில் கை வைத்தால் மணிக்கட்டைப் பிடித்து விலக்குவான். சோற்றைப் பிசைந்து நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டைப் பார்ப்பான். இதையெல்லாம் பிடிவாதம் என்றோ "பிஹேவியர்" என்றோ எழுதிவைப்பது சுலபம். எனக்கு அது அவன் கொடுக்கிற விண்ணப்பமாகத் தெரிகிறது. பேச்சு குறைவாக உள்ள பிள்ளை "நானே செய்யறேன்" என்பதை வேறு எப்படிச் சொல்வான்? பிடுங்கிய மக்கால் தலையில் சரியாக ஊற்றிக்கொள்ளத் தெரியாமல் இருக்கலாம், பாதித் தண்ணீர் சுவரில் போகலாம். இருந்தாலும் அந்த வேலையைத் தொடங்க அதைவிட நல்ல நேரம் வராது.

வைகாட்ஸ்கி என்று ஒரு ரஷ்ய உளவியல் அறிஞர். 1934-ல், 37 வயதிலேயே இறந்துபோனார். குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்வியைப் பற்றி நிறைய யோசித்தவர். பிள்ளையால் தனியாகச் செய்ய முடிவது ஒன்று, துணையோடு செய்ய முடிவது ஒன்று, இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார். ஸ்பெஷல் எஜுகேட்டர்கள் எல்லோரும் பாடமாகப் படிப்பது இது. பெற்றோருக்கு இதில் ஒரு வசதி உண்டு. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க டெஸ்ட் எதுவும் வேண்டியதில்லை, நாம்தான் தினமும் பக்கத்தில் இருக்கிறோமே.

ஆனால் பிள்ளை காட்டுகிற விருப்பம் மட்டும் போதாது, எது முந்தி எது பிந்தி என்ற வரிசையும் வேண்டும். அதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. பள்ளிக்கூடமும் உறவுக்காரர்களும் கேட்பது கையெழுத்து, ஷூ லேஸ், "அங்கிளுக்கு வணக்கம் சொல்லு". இவை எத்தனை வருஷம் தள்ளிப்போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. லேஸ் இல்லாத ஷூ கடையில் கிடைக்கிறது. முந்தி வரவேண்டியது உடம்பு சம்பந்தப்பட்ட வேலைகள்: கழிவறை, குளியல், உடை மாற்றுவது. யார் வேண்டுமானாலும் வந்து உடையைக் கழற்றுவார்கள், தொடுவார்கள், கழுவிவிடுவார்கள் என்று பத்து வயதுவரை பழகிப்போன பிள்ளைக்கு, எந்தத் தொடுகை தப்பு என்று ஒருநாள் திடீரென்று எப்படி விளங்கும்? ஒரு பிள்ளையின் குறைபாட்டைப் பயன்படுத்திக்கொண்டு செய்யும் பாலியல் குற்றத்துக்கு 2012-ல் வந்த போக்சோ சட்டம் கூடுதல் தண்டனை வைத்திருக்கிறது. சட்டம் வருவது குற்றம் நடந்த பிறகு. அதற்கு முன்னால் இருக்கிற காவல், "இது என் உடம்பு, கதவைச் சாத்து" என்ற பழக்கம்தான். பெண் பிள்ளை என்றால் இது இன்னும் அவசரம். மாதவிடாய் வந்த பிறகு நாப்கின் மாற்றச் சொல்லிக்கொடுக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. முன்கூட்டியே, எந்தப் பதற்றமும் இல்லாத நாட்களில், சும்மா உள்ளாடையில் ஒட்டி எடுத்துப் பழக்கிவிட்டால் அந்த முதல் நாள் பாதி பயத்தோடு போகும்.

தம்பி ஒருநாள் குளிக்கப் போனபோது கதவை அவனே சாத்தினான். நான் வெளியே. தாழ்ப்பாள் உட்புறம் கிடையாது, அதை நாங்கள் எப்போதோ கழற்றிவிட்டோம். அந்தக் கதவு சாத்தப்பட்ட நாளிலிருந்து குளியல்தான் வீட்டில் முதல் பாடம்.

அதை எப்படிச் செய்தோம் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'எப்போது' என்ற கேள்வி பாதிக்கு மேல் இந்த விவரத்தில்தான் தீர்கிறது. 'குளியல்' என்பது ஒரே வேலை இல்லை. தண்ணீர் விளாவுவது, தலைக்கு ஊற்றுவது, சோப்பு போடுவது, முதுகு, கால் இடுக்கு, அலசுவது, துவட்டுவது என்று வரிசையாக எழுதினால் ஒரு பக்கம் வரும். எல்லாவற்றையும் நானே செய்துவிட்டு, கடைசியில் துண்டை எடுத்துத் துவட்டிக்கொள்வதை மட்டும் அவனிடம் விட்டேன். அது பழகியதும் அலசுவதும் துவட்டுவதும் அவன் வேலை. பிறகு கால் சோப்பு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவதற்குப் பேக்வர்டு செயினிங் என்று பெயர். இதில் இருக்கும் அழகு, ஒவ்வொரு நாளும் குளியலை முடித்துவைப்பவன் அவனாகவே இருக்கிறான். முன்னாலிருந்து தொடங்கினால் பாதியில் களைத்துப்போய், மீதியை அம்மா முடிப்பாள்.

அலசுவதில் ஒரு சிக்கல் இருந்தது. எப்போது நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியாது, குழாய் வந்துகொண்டே இருந்தால் ஊற்றிக்கொண்டே இருப்பான். குழாயை மூடிவிட்டு அளவாக ஒரு வாளித் தண்ணீர் வைத்தோம். வாளி காலியானால் குளியல் முடிந்தது. "போதும்" என்று ஆள் நின்று சொல்லவேண்டிய வேலை இல்லை. வெந்நீர் விளாவுவதை மட்டும் இன்னும் நாங்கள்தான் செய்கிறோம். கெய்சர் தண்ணீரின் சூடு கையில் பட்டவுடனே இழுத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் உடம்புக்கு எப்போதும் தோன்றுவதில்லை. பசி, சிறுநீர் முட்டுவது, சூடு, வலி இவற்றை உணர்வதில் ஆட்டிசம் உள்ள பலருக்கு இப்படி வித்தியாசம் உண்டு. அந்த ஒரு படி பெரியவர்கள் கையிலேயே இருப்பதால் மற்ற படிகள் அவனுடையவை இல்லை என்று ஆகிவிடாது.

உதவியைக் குறைப்பதில் எல்லோரும் கவனிக்காமல் விடுவது நம் வாயை. கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கும் உதவியைக் குறைப்பது எளிது. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து தோளுக்கு என்று நம் கையை நகர்த்திக்கொண்டே வந்து எடுத்துவிடலாம். "சோப்பு போடு... காலுக்குப் போடு... இன்னொரு கால்..." என்று கதவுக்கு வெளியே நின்று சொல்வது அப்படிப் போகாது. பிள்ளை அந்தக் குரலுக்காகவே காத்திருக்கும், குரல் வராவிட்டால் சோப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். குரலும் குளியலில் ஒரு படியாகச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பதில் சுவரில் லேமினேட் செய்த படங்கள் ஒட்டலாம். படம் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கேயே இருக்கும். ஒன்றைச் சொல்லிவிட்டால் மனசுக்குள் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். கேட்டது உள்ளே போய் வேலையாக மாறி வெளியே வர இந்தப் பிள்ளைகளுக்கு நேரம் பிடிக்கும். அதற்குள் நாம் இன்னொரு தடவை சொன்னால் முதலில் சொன்னதும் கலைந்துவிடும்.

வீட்டுக்கு வெளியே அனுப்புவது என்று வரும்போது பார்க்கவேண்டியது இன்னொன்று இருக்கிறது. எல்லாம் சரியாக நடந்தால் பிள்ளை செய்துவிடும். சரியாக நடக்காதபோது செய்ய அதன் கையில் ஏதாவது இருக்கிறதா? அது இருந்தால்தான் அனுப்புவேன்.

தெருமுனையில் அண்ணாச்சி கடை, ரோடு தாண்ட வேண்டாம். தம்பிக்கு ஆவின் பச்சைப் பாக்கெட்டைக் கண்டால் தெரியும். பை, பணம், கடைக்காரரிடம் நீட்ட ஒரு கார்டு, சட்டைப் பையில் எங்கள் போன் நம்பர். இவ்வளவும் சீக்கிரமே பழகிவிட்டது. அவன் அப்பா முதலில் கூடவே போனார், பிறகு நாலடி பின்னால், பிறகு கேட்டில் நின்றார். பச்சைப் பாக்கெட் தீர்ந்துபோன நாளில் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் கவலை. வேண்டிய நிறம் இல்லை என்பது அவனுக்குச் சின்ன விஷயமே இல்லை. அண்ணாச்சியிடம் சொல்லிவைத்தோம். "தம்பி வர்றப்போ சும்மாவாச்சும் பச்சை இல்லன்னு சொல்லுங்க அண்ணாச்சி." அவரும் ஒத்துக்கொண்டார். கார்டில் பச்சைக்குக் கீழே நீலப் பாக்கெட் படம் போட்டோம். அதற்கும் கீழே காலிப் பையோடு வீட்டுக்கு வரும் பையன் படம். நீலம் வாங்கிவருவதைப் பழக்கியது போலவே, ஒன்றுமே வாங்காமல் திரும்பி வருவதையும் பழக்கினோம். காலிப் பையோடு அவன் வந்தபோது அவன் அப்பா வாசலிலேயே தூக்கிச் சுற்றினார். பால் வாங்கிவந்த நாளில்கூட அப்படிச் சுற்றியதில்லை. அதற்குப் பிறகுதான் அவர் கேட்டில் நிற்பதை நிறுத்தி, பால்கனிக்கு வந்தார்.

ரோடு, அடுப்பு, தண்ணீர். இந்த மூன்றில் பிள்ளை கையைத் தள்ளினாலும் நான் எடுப்பதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர். வீட்டிலிருந்து யாருக்கும் தெரியாமல் நழுவிப்போகும் இந்தப் பிள்ளைகள் உயிரிழக்கும் காரணங்களில் நீரில் மூழ்குவது முக்கியமானது. சம்ப் மூடி, கிணறு, கடல் எல்லாம் நம் ஊரில் கைக்கெட்டும் தூரம். எழுத்துப் பயிற்சிக்கு முன்னால் நீச்சல் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது அதனால்தான்.

தொடங்கக் கூடாத காலங்களும் இருக்கின்றன. எங்கள் தெருவில் ஆடி மாதம் முழுக்கக் கோயில் ஒலிபெருக்கி. அந்த மாதத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்கமாட்டோம். தீபாவளிக்கு முந்தைய வாரம், காய்ச்சல் விட்ட வாரம், வேன் டிரைவர் மாறிய வாரம் எல்லாம் அப்படித்தான். அந்த நாட்களில் ஏற்கெனவே தெரிந்த வேலையும் நழுவும். அப்போது வீட்டில் யாராவது ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிடும்: "நேத்து செஞ்சானே, இன்னைக்கு என்ன வந்துச்சு?" நேற்று செய்தது நேற்று இருந்த தெம்பில். ஆறு மணி நேரம் பள்ளியில் சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்கிக்கொண்டு, அடக்கிக்கொண்டு வந்த பிள்ளைக்குச் சாயங்காலம் ஷூவைக் கழற்றக்கூடக் கை வராது. இதைச் சோம்பல் என்று நினைத்து நெருக்கினால் நாட்பட நாட்படக் களைப்பு சேர்ந்து, கற்றுக்கொண்டவையே மொத்தமாகப் போய்விடும். பர்ன்அவுட் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பேச்சையே சில காலம் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் பள்ளி விட்டு வந்த முதல் ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் எந்த வேலையும் கிடையாது. ஷூவை நான் கழற்றிவிடுவேன். தட்டு அவன் இருக்குமிடத்துக்கு வரும். சனிக்கிழமை காலையில் அதே ஷூவை அவனே கழற்றி ஸ்டாண்டில் வைப்பான். ஒரு தடவை செய்துவிட்டான் என்பதற்காக அந்த உதவியை நிரந்தரமாகப் பறித்துவிடக் கூடாது. செய்து காட்டினால் உதவி போய்விடும் என்று புரிந்துகொண்டால் எந்தப் பிள்ளைதான் செய்து காட்டும்?

டெம்பிள் கிராண்டின் கதை எல்லாப் பெற்றோருக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கும். 1947-ல் பிறந்த அமெரிக்கர், ஆட்டிசம் உள்ளவர், கால்நடைத் துறையில் பேராசிரியர். பதின்வயதில் அத்தையின் பண்ணைக்குப் போக அவர் பயந்தார். எத்தனை நாள் இருக்கப்போகிறாய் என்பதை நீயே முடிவு செய், போகாமல் இருப்பது மட்டும் முடியாது என்றார் அவர் அம்மா. போன இடத்தில்தான் மாடுகளோடு பழக்கம் வந்தது, வாழ்க்கையே அமைந்தது. "அன்போடு தள்ளுங்கள்" என்று இதைச் சொல்லி அனுப்புகிறார்கள். எனக்கும் பிடித்த கதைதான். அனுப்புகிறவர்கள் விட்டுவிடும் பாதி ஒன்று இருக்கிறது. அவருக்கு மிகச் சிறு வயதிலேயே பேச்சுப் பயிற்சி கிடைத்தது, கூடவே இருந்து விளையாட வீட்டில் ஒரு ஆயா இருந்தார், பண்ணையில் காத்திருந்தவர் வேற்றாள் இல்லை, அத்தைதான். தள்ளுவதற்கு முன்னால் விழுந்தால் தாங்குகிற ஏற்பாடு முழுக்க இருந்தது. நான் அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது அம்மா கொடுத்த தேர்வை. தம்பியிடம் "குளிக்கலாமா?" என்று கேட்பதில்லை, "மொதல்ல தலையா, காலா?" என்று கேட்கிறேன்.

அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பேசியாக வேண்டும். "உங்களுக்கு அப்புறம் யாரு பாத்துப்பா?" கேட்காத உறவினர் இல்லை, கேட்காவிட்டாலும் ராத்திரி இரண்டு மணிக்கு நாமே கேட்டுக்கொள்கிறோம். நாலு வயதுப் பிள்ளையின் கையில் ஸ்பூனைத் திணிக்கும்போது நாற்பது வயது மகனை நினைத்துக்கொண்டு திணிக்கிறோம். பிள்ளைக்கு அந்தப் பதற்றம் மட்டும் போய்ச் சேர்கிறது, ஏன் என்று தெரிவதில்லை. இந்தப் பயத்துக்கென்று வேறு வேலைகள் இருக்கின்றன. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்டிசம் உள்ளவருக்குப் பதினெட்டு வயது முடிந்த பிறகு சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கலாம். கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் அதை முடிவு செய்யும். நிராமயா என்று ஒரு லட்ச ரூபாய் வரைக்குமான மருத்துவக் காப்பீடு இருக்கிறது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது, அடையாள அட்டை வாங்கலாம். பயம் வரும்போது அந்தக் கோப்பை எடுத்து எது விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். பல் தேய்க்கும் பிள்ளையின் பக்கத்தில் அந்தப் பயத்தைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம்.

எல்லா உதவியும் எடுக்கப்பட வேண்டியதும் இல்லை. ராத்திரிச் சாப்பாடு தம்பிக்கு அத்தை கையால்தான், என் மாமியாரைச் சொல்கிறேன். ரசம் சாதத்தை உருட்டி உருட்டிக் கொடுப்பார், இவன் வாயைத் திறந்துகொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பான். "அவனுக்குத் தானா சாப்பிடத் தெரியுமே அத்தை" என்று ஒரு தெரபிஸ்ட் சொன்னதை அவரிடம் சொன்னேன். "தெரியட்டும்மா. எம் புள்ளைக்குக்கூட காலேஜ் போற வரைக்கும் ஊட்டியிருக்கேன். அவன் என்ன சாப்பிடத் தெரியாமலா இருந்தான்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, தேடவும் இல்லை. காலையிலும் மதியமும் அவனே சாப்பிடுகிறான், வெளியூர் போனால் மூன்று வேளையும் அவனே. ஒரு வேளை பாட்டி கையால் சாப்பிடும் பதிமூன்று வயதுப் பையன்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். ஆட்டிசம் இருக்கிறது என்பதற்காக என் மகனுக்கு மட்டும் அதை ஏன் மறுக்க வேண்டும்?

இப்போது வீட்டில் நடக்கும் பேச்சு தோசையைப் பற்றி. நான் ஊற்றும்போது பக்கத்தில் வந்து நின்று கரண்டியைப் பிடிக்கிறான். போன வாரம் என் கையை விலக்கிவிட்டு மாவுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தான். விருப்பம் தெரிகிறது, ஆனால் அடுப்பு. கேஸ் வேண்டாம் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமில்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் தீ கிடையாது, பாத்திரத்தை எடுத்தால் தானே நின்றுவிடும், டைமரும் இருக்கிறது. ஆனாலும் கல் சுடும். அதனால் வெந்த தோசையைத் திருப்பியில் எடுத்துத் தட்டில் வைப்பது மட்டும் முதலில் அவன் வேலை. கல் சுடுகிறதா என்று கையால் தொடாமல் தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சுட்டுவிட்டால் கையைக் குழாயில் காட்டுவது அதற்கும் முன்னால். அதை அடுப்பே இல்லாமல் ஒரு மாதம் விளையாட்டாகப் பழக்கலாம் என்கிறார் அவன் அப்பா. முழுப் பரீட்சை முடிந்து மே மாதம் லீவில் தொடங்குவதாக இருக்கிறோம். மாவு ஊற்றுவது எப்போது என்று இன்னும் பேசவில்லை.